பளபளப்புக்கு ஆறரை லட்சம்: மூன்று பழைய ஃபியட் கார்களில் எதை வாங்குவது?

சென்ற ஆவணியில் என் நண்பரின் மகன் மூன்று கார்களின் படங்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தான். மூன்றுமே பிரீமியர் பத்மினி, நம் ஊரில் ஃபியட் என்றே அழைக்கும் கார். மூன்றும் 1980-களில் முதல் பதிவு கண்டவை. விலைகள்தாம் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை: ஆறரை லட்சம், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், அறுபதாயிரம். "எதை வாங்கலாம், மாமா?" என்று கேட்டான். கேட்டானே தவிர, அவன் விரல் முதல் படத்தை விட்டு அகலவில்லை. அரக்குச் சிவப்பு உடல், பாலாடை நிறக் கூரை, வெள்ளை வளையம் போட்ட டயர்கள். அவனுடைய அப்பா முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒரு ஃபியட் வாங்கியவர். தங்கையின் திருமணச் செலவுக்காக அதை விற்றவர். அவர் இன்று இல்லை. அந்தக் காரை மறுபடி வாசலில் பார்க்க வேண்டும் என்ற மகனின் ஆசை எனக்குப் புரிந்தது. அந்த ஆசைக்குத்தான் சிலர் விலை போடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

2008-இல் நானும் 'முழுமையாகப் புதுப்பித்தது' என்ற சொல்லை நம்பி ஒரு ஃபியட் வாங்கினேன். வாங்கியது பங்குனியில். ஐப்பசி மழை பிடித்த மூன்றாவது வாரம் முன் மட்கார்டின் அடியில் பயறு அளவில் கொப்புளங்கள் எழும்பின. தை பிறப்பதற்குள் அந்த இடத்தில் விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. அங்கே தகடு இல்லை. தகட்டின் பள்ளத்தை அடைக்கப் பூசும் பட்டிதான் இருந்தது, பட்டியைப் பிடித்துநிற்க உள்ளே கொசுவலைக் கம்பியை வைத்திருந்தார்கள். அதைப் பிரித்துச் சரிசெய்ய எனக்கு ஆன செலவு, காரின் விலையைவிட அதிகம். அன்று யாராவது என்னோடு வந்து ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்திருந்தால் போதும். அதனால் மூன்று கார்களையும் நேரில் பார்க்காமல் எதுவும் சொல்லமாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். எங்கள் பகுதியில் ஃபியட் வேலையே வாழ்க்கையாகக் கொண்ட மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டேன்.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன்னால் இந்தக் காரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆலையில் உருவான இந்த வண்டி 1960-களில் ஃபியட் 1100 டிலைட் என்றும், 1970-களின் தொடக்கத்தில் பிரீமியர் பிரசிடென்ட் என்றும், 1974 முதல் பத்மினி என்றும் பெயர் மாறி மாறி வந்தது. 1,089 சிசி பெட்ரோல் இன்ஜின், ஸ்டீயரிங் தண்டில் கியர், முன்னால் நீளமான ஒரே இருக்கை. ஜீப்பைப் போலவோ லாரியைப் போலவோ இதற்குத் தனியாக ஒரு சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. மடித்துப் பற்றவைத்த தகட்டு உடலே எலும்புக்கூடும்கூட. கதவுகளுக்குக் கீழே இருபக்கமும் ஓடும் தகட்டுப் பெட்டிகளும் தரைத் தகடும்தான் வண்டியின் முதுகெலும்பு. ஜீப்பில் மேல்தகடு துருப்பிடித்தால் தகட்டை மாற்றிக்கொள்ளலாம். பத்மினியில் அந்தத் தகட்டுப் பெட்டி துருப்பிடித்தால் வண்டியே நடுவில் தொய்யத் தொடங்குகிறது. எனவே வெளிப்பூச்சைப் பார்த்து இந்தக் காருக்கு விலை சொல்வதில் பொருளே இல்லை. அடியில் இருக்கும் இரும்புக்குத்தான் விலை.

முதல் கார்: ஆறரை லட்சம்

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் நிறுத்தியிருந்தார்கள். நேரில் படத்தைவிட அழகாக இருந்தது, அதை மறுக்கமாட்டேன். பையன் கதவைத் திறந்து உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த நேரத்தில் குறை சொல்வது கடினம். ஆனாலும் சொல்லவேண்டியிருந்தது.

முதலில் பதிவெண். தமிழ்நாட்டில் 1989-க்கு முன் பதிவான கார்களுக்கு மூன்று எழுத்துகளோடு நான்கு இலக்கம் கொண்ட பழைய பாணி எண்தான் இருக்கும். 1980-களின் வண்டி என்று சொல்லப்படும் காரில் டி.என். என்று தொடங்கி மாவட்ட அலுவலக எண்ணோடு வரும் புதிய பாணிப் பதிவெண் இருந்தால், அது பெரும்பாலும் வேறு மாநிலத்திலிருந்து வந்து மறுபதிவு ஆனது. அதில் தவறு ஏதுமில்லை. எங்கிருந்து வந்தது, அங்கே என்னவாக ஓடியது என்ற கேள்வியை மட்டும் அது எழுப்புகிறது. விற்பவர், "பம்பாயில் ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டி" என்றார். மெக்கானிக் பின்கதவின் பீடிங் ரப்பரை மெதுவாக விலக்கி, மடிப்பில் நகத்தால் சுரண்டினார். சிவப்பு, அதன் கீழே வெள்ளை, அதன் கீழே கறுப்பு. கூரை ஓரத்தில் பாலாடை நிறத்துக்கு அடியில் மஞ்சள். கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும் பம்பாய் டாக்ஸியின் சீருடை. கூரையின் உள்விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது கேரியர் திருகிய துளைகளை அடைத்த தடங்களும் தெரிந்தன. பம்பாயில் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் வரை ஓடின. காலம் முடிந்து கழித்துக்கட்டிய வண்டிகள் எங்கெங்கோ போயிருக்கின்றன. டாக்ஸியாக ஓடிய வண்டியை மனமுவந்து வாங்குவதில் இழிவே இல்லை. டாக்டர் வண்டி என்று சொல்லி அதை விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து காந்தம். பூச்சில் கீறல் விழாமல் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம். கூரையில் கெட்டியாகப் பிடித்தது. கதவின் மேல்பாதியில் பிடித்தது. கதவின் கீழ்ப்பாதி, முன் மட்கார்டில் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதி, ஹெட்லைட்டைச் சுற்றிய வளைவு ஆகிய இடங்களில் நழுவி விழுந்தது. பூச்சின் கனத்தை அளக்கும் கருவி ஒன்றையும் மெக்கானிக் கொண்டுவந்திருந்தார். ஆலையில் அடித்த பூச்சு ஏறக்குறைய 100 முதல் 180 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். ஒழுங்காக மறுபூச்சு அடித்தால் 300, 400 வரை போகலாம். 1,000-ஐத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த மட்கார்டில் கருவி தன் எல்லையான 2,000-ஐத் தாண்டி அளவே காட்டவில்லை. காந்தம் இல்லாதவர்கள் விரல்முட்டியால் தட்டிப் பார்க்கலாம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். பட்டி மந்தமாக, மரப்பலகையைப் போல ஒலிக்கும். கூரையையும் கதவின் அடியையும் மாற்றி மாற்றித் தட்டினால் காது உடனே பழகிவிடும்.

பின்னர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தோம். தார் போன்ற கறுப்புப் பூச்சு புத்தம் புதிதாக, திருகுகளின் தலை, பிரேக் குழாய் என்று எதையும் விடாமல் ஒரே மொத்தையாகப் பூசியிருந்தது. துருவைத் தடுக்கப் பூசுகிறவர்கள் முதலில் சுத்தம் செய்து, குழாய்களை மறைத்து, பிறகு பூசுவார்கள். மறைப்பதற்காகப் பூசினால் இப்படித்தான் எல்லாவற்றின் மேலும் அப்பிக்கிடக்கும். அனுமதி கேட்டு, கதவுக்குக் கீழே உள்ள ஜாக்கி இடத்தில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கினோம். முன்கதவைத் திறந்து மூடச் சொன்னேன். தூக்குவதற்கு முன் இலகுவாக மூடிய கதவு இப்போது மேல் ஓரத்தில் உரசியது. உடல் வளைகிறது. இத்தனை சோதனைகளில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். தனிச் சேசிஸ் இல்லாத எந்தப் பழைய காரிலும் இதைச் செய்து பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்ஜினைத் தொட்டபோது சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். மறுநாள் காலை ஆறரை மணிக்குச் சொல்லாமல் போய், ஆறிக்கிடந்த இன்ஜினை இயக்கச் சொன்னோம். நான்கு முறை முயன்ற பிறகு கிளம்பி, நீலப் புகை கக்கியது. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. உட்புறத்தில் புது ரெக்சின், பம்பரில் புதுப் பளபளப்பு. அந்த பம்பரைச் சாய்ந்த வெயிலில் பார்த்தால் குரோமுக்கு அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். செம்பும் நிக்கலும் ஏற்றி மெருகிட்ட பிறகு குரோம் போடுவதே முறை. குழியை அடைக்காமல் மேலே ஒரு பூச்சு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் ரப்பரின் ஓரத்தில் சிவப்புத் துளிகள் இருந்தன. கண்ணாடியைக் கழற்றாமல் செய்தித்தாள் ஒட்டிப் பெயிண்ட் அடித்ததற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

புதுப்பித்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். பெயிண்ட் அடித்து முடித்த பிறகு எடுத்த நாற்பது படங்களைக் காட்டினார். அதற்கு முந்தைய படம் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது கார்: இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்

பொள்ளாச்சியில், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரின் வீட்டில் இருந்தது. முதல் உரிமையாளர். வெளிர் நீலம், வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டியது. இருக்கையில் இரண்டு இடங்களில் கிழிசல். முன் மட்கார்டுகளின் அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துருத் துளைகள், எந்த மறைப்பும் இல்லாமல். பையன் இறங்கி ஒரு சுற்று வந்துவிட்டுப் பேசாமல் நின்றான். அவனுடைய ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. என் மனமோ நிறைந்துபோயிருந்தது.

துளைகள் கண்ணுக்குத் தெரிந்தன என்பதே முதல் காரணம். எங்கே எத்தனை அங்குலத் தகடு போயிருக்கிறது என்று அளவு நாடா வைத்துச் சொல்ல முடிந்தது. கதவுக்குக் கீழே உள்ள பெட்டிகளைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டினோம், இருபக்கமும் கணீரென்றன. தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். பெடலுக்கு அடியில் மேல்துரு இருந்தது, ஓட்டை இல்லை. டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கிய இடத்தில் ஆலை நீலம் அப்படியே இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கியபோது கதவு முன்போலவே மூடியது. உப்புக்காற்று வீசும் சென்னைக் கடற்கரையில் முப்பது நாற்பது ஆண்டு நின்ற காருக்கும், கொங்கு நாட்டில் கொட்டகையில் நின்ற காருக்கும் அடித்தகட்டில் எவ்வளவு வேறுபாடு என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் நம்ப முடியும். பழைய கார் வாங்க விரும்பும் சென்னைக்காரர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்வேன்: ரயிலேறி உள்நாட்டு ஊர்களுக்குப் போய்த் தேடுங்கள்.

அந்த வீட்டுப் பெரியவர் ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆயில் மாற்றிய தேதி, கிளட்ச் தட்டு மாற்றிய தேதி, ஒருமுறை இன்ஜினைப் பிரித்து ரிங் போட்ட ஆண்டு, லேத்தில் கொடுத்த கூலி எல்லாம் பேனாவில் எழுதியிருந்தன. என்னைக் கேட்டால் அந்த நோட்டுக்கே ஐம்பதாயிரம் கொடுக்கலாம். சோக்கை இழுத்து இரண்டாம் முயற்சியில் இன்ஜின் கிளம்பியது. முதல் அரை நிமிடம் லேசான புகை, பிறகு இல்லை. குறைகளும் இருந்தன. முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரம் திரும்புவதற்கான அச்சாணியான கிங்பின்னில் ஆட்டம் தெரிந்தது. ஒரு பக்க பிரேக் இழுத்தது. வயரிங்கை முழுவதும் மாற்ற வேண்டும். உறை வெடித்து நூல் நூலாக நின்றது. இவை எல்லாம் புதுப்பேட்டையிலும் ஜி.பி. சாலையிலும் கேட்டு அலைந்தால் இன்றும் பொருள் கிடைக்கும் வேலைகள். பத்மினிக்கு இயந்திர உதிரிகள் கிடைக்கின்றன. உடல் தகடும், கிரில், எழுத்துப் பட்டை, கைப்பிடி போன்ற அலங்காரப் பொருள்களும்தான் அரிது. இந்தக் காரில் அந்த அரிய பொருள்கள் அனைத்தும் தேய்ந்தும் மங்கியும் அதனதன் இடத்திலேயே இருந்தன.

மூன்றாவது கார்: அறுபதாயிரம்

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகையில் டயர்கள் மண்ணில் புதைந்து நின்றது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜின் இறுகிவிட்டது. தரைத் தகட்டின் வழியே புல் முளைத்திருந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னாலும் இருக்கைச் சுருள்களிலும் வண்டல் மண் படிந்திருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியது என்று வீட்டார் தாங்களாகவே சொன்னார்கள். அந்த நேர்மைக்காக அவர்களை மதிக்கிறேன். உரிமையாளர் காலமாகி ஆண்டுகள் ஆகின்றன. பதிவைப் புதுப்பிக்கவும் இல்லை, வாரிசு பெயருக்கு மாற்றவும் இல்லை. 31-ஆம் எண் படிவம், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், மாதக்கணக்கில் ஏறிய தாமதக் கட்டணம் எல்லாம் முடிந்த பிறகுதான் அது சட்டப்படி ஒரு காராகவே ஆகும். வெல்டிங் தெரிந்தவராகவும், இடம் உள்ளவராகவும், இரண்டு மூன்று ஆண்டுகளைப் பொறுமையாகக் கொடுக்கக்கூடியவராகவும் நீங்கள் இருந்தால் இத்தகைய வண்டியை எடுக்கலாம். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு வேண்டாம். பாதியில் நின்றுபோய், பிரித்த பாகங்கள் சாக்குமூட்டையில் கிடக்க, கடைசியில் எடைக்குப் போன கார்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கணக்கு

மெக்கானிக் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் காட்டிய கணக்கு இது. எங்கள் ஊர்க் கூலி நிலவரத்தை வைத்துப் போட்டது. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். பொள்ளாச்சி வண்டிக்கு மட்கார்டு அடித்தகடு, கிங்பின், பிரேக், வயரிங், இருக்கை, பிறகு பெயிண்ட் என்று ஒன்றரை லட்சம். ஆக மூன்று லட்சத்து அறுபதாயிரம். தாம்பரம் வண்டிக்கு அறுபதாயிரத்தோடு குறைந்தது ஐந்து லட்சம், அதுவும் பிரிக்கப் பிரிக்க ஏறும். ஆறரை லட்சத்துக் காருக்கு என்ன எழுதுவார் என்று பையன் எட்டிப் பார்த்தான். மூன்று லட்சம் என்று எழுதினார். புதுப்பித்த வண்டிக்கு எதற்கு மூன்று லட்சம் என்று அவன் கேட்டபோது அவர் சொன்ன பதிலை மறக்கமாட்டேன்: "தம்பி, துருவை வெட்டி எடுப்பதற்கு முன்னால் அவர்கள் பூசியதை எல்லாம் நான் உரிக்க வேண்டும். அந்த வேலை மற்ற வண்டிகளில் இல்லை."

தவறாகப் புதுப்பித்த காரில் இதுதான் பெரிய நஷ்டம். பார்க்க முடிந்த குறையைப் பார்க்க முடியாததாக மாற்றிவிட்டு அதற்கும் சேர்த்து விலை கேட்கிறார்கள். கையிலிருந்து ஒன்பதரை லட்சம் போன பிறகுதான், மூன்று லட்சத்து அறுபதாயிரத்தில் பொள்ளாச்சி வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு இது வரும். அப்போதும் இதன் அலங்காரப் பொருள்கள் அசலாக இருக்காது.

ஆனால் விலை அதிகம் என்பதாலேயே ஒரு காரை ஒதுக்கிவிடக் கூடாது. ஒழுங்காகப் புதுப்பித்த பத்மினிகளும் இருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அப்படி ஒரு காரைச் சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் பார்த்தேன். உரிமையாளர் ஒரு தடித்த கோப்பை முன்னால் வைத்தார். பூச்சை முழுவதும் உரித்த வெறும் தகட்டின் படங்கள், வெட்டி எடுத்த துருத் துண்டுகளின் படங்கள், புதுத் தகட்டைப் பற்றவைத்த தையல்கள், பிறகு முதற்பூச்சு, ஒவ்வொன்றுக்கும் பில். அடித்தகட்டில் மறைக்கும் பூச்சு இல்லை. வெல்டிங் தையலைத் தடவிப் பார்க்க முடிந்தது. அவர் கேட்ட விலை அவர் செலவழித்ததைவிடக் குறைவு. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தனக்காகப் புதுப்பித்தவர் போட்ட பணம் முழுவதும் திரும்புவதில்லை. விற்பதற்காகவே புதுப்பிப்பவர்தான் கண்ணில் படும் இடங்களில் மட்டும் பணம் போடுகிறார். பையன் பார்த்த மூன்றில் இப்படி ஒன்று இருந்திருந்தால், ஏழு லட்சம் என்றாலும் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

வேறு கார்களைத் தேடுகிறவர்களுக்கு

அம்பாசடருக்கும் தனிச் சேசிஸ் கிடையாது. காந்தம், ஜாக்கி, காலைநேர இன்ஜின் ஆகிய மூன்று சோதனைகளும் அப்படியே பொருந்தும். அதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது வேடமாற்றம். 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினோடு வந்த பழைய மார்க் 2-க்குத்தான் ஆர்வலர்களிடம் மதிப்பு. அதன் கட்டம் போட்ட முன் கிரில்லைப் பிற்கால வண்டியில் பொருத்தி விற்கிறார்கள். 1990-களின் வண்டிகள் பலவற்றில் இசுசு இன்ஜினும் தரையில் கியரும் இருக்கும். பானெட்டைத் திறந்தாலே வெளிப்பட்டுவிடும். டாக்ஸியாக ஓடியபோது வேறு டீசல் இன்ஜின் ஏற்றி, பிறகு பெட்ரோலுக்குத் திருப்பியவையும் உண்டு. ஆர்.சி.யில் எரிபொருள் என்னவென்று எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் விடாதீர்கள்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் மண்ணில், சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான கார். அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம், முன்பக்கம் முழுவதும் பானெட்டோடு சேர்ந்து தூக்கித் திறக்கும் அழகு. இதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. உடல் பகுதிகளைத் திருகிப் பொருத்தியிருப்பார்கள். ஆகவே மேல்தகட்டைவிட, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பகுதி பகுதியாகப் பொருத்திய உடல் என்பதால் கதவு, பானெட் இடைவெளிகள் புதிதிலேயே அவ்வளவு சீராக இருந்ததில்லை; எனவே ஹெரால்டில் இடைவெளிகள் நூல் பிடித்தது போல் இருந்தால் எங்கெங்கே பட்டி வைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். முன்சக்கரத்தின் கீழ்மூட்டுக்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் அடித்தே பழகிய பட்டறைகள் அதற்கும் கிரீஸ் அடித்துவிடுகின்றன. உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடித்து ஒரு நாள் அந்த மூட்டில் நிற்கும் தண்டு முறிந்தால் சக்கரம் மடிந்துவிடும். புதுப்பித்தேன் என்று சொல்பவரிடம், "கீழ்மூட்டுக்கு என்ன விடுகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் ஹெரால்டை அறிந்தவரா என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும்.

காகிதங்கள்

'வின்டேஜ்' என்ற சொல்லை விலையேற்றத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. அதன்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியே வின்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். உடலிலும் சேசிஸிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். 1984-இல் பதிவான பத்மினிக்கு 2034 வரை அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதன் ஆர்.சி.யை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்.சி.யில் உள்ள நிறமும் வண்டியின் நிறமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சிவப்பு வண்டிக்கு ஆர்.சி.யில் வெள்ளை என்றிருந்தது. சேசிஸ் எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து நீங்களே ஒரு பிரின்ட் எடுங்கள். எண்களின் அடியில் உரசிய கோடுகள் தெரிந்தாலோ, எண்கள் ஒரே வரிசையில் நிற்காமல் ஏறி இறங்கினாலோ, அந்த இடத்தில் மட்டும் பூச்சு கனமாக இருந்தாலோ, எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இரும்பில் உள்ள எந்தக் குறையையும் பணம் போட்டுச் சரிசெய்யலாம். திருட்டு வண்டியின் எண்ணைச் சரிசெய்ய வழியில்லை.

பையன் முடிவெடுக்க ஒரு வாரம் கேட்டான். அந்த வாரத்தில் கடற்கரைச் சாலை விற்பனையாளர் இருமுறை தொலைபேசியில் அழைத்து, வேறொருவர் முன்பணத்தோடு வந்து நிற்கிறார் என்று சொன்னார். அவன் தடுமாறினான் என்பதை அவன் குரலே காட்டியது. பொள்ளாச்சிப் பெரியவர் ஒருமுறைதான் அழைத்தார். நோட்டுப்புத்தகத்தில் எழுத மறந்த ஒரு ரேடியேட்டர் வேலை நினைவுக்கு வந்ததாகச் சொல்லி, அந்த ஆண்டைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் நாங்கள் இருவரும் பொள்ளாச்சிக்கு ரயிலேறினோம்.

ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு முடிந்தது. இப்போது கிங்பின்னும் பிரேக்கும் வயரிங்கும் ஆகிவிட்டன. மட்கார்டின் அடியை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்து, முதற்பூச்சோடு நிற்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக் கோப்பில் வைக்கிறான். நிறத்துக்கு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. டேஷ்போர்டின் சிறு அறைக்குள், வெயிலே படாத மூலையில், ஆலையில் அடித்த நீலம் வெளுக்காமல் இருந்தது. பெயிண்ட் கலப்பவர் அதைப் பார்த்துத்தான் கலந்துகொண்டிருக்கிறார்.